சிரிச்சுக் காட்டுங்கக்கா

என் கைப்பேசியில் அவள் பெயர் 'ஜாக்கெட்' என்றுதான் இருந்தது. புதுப்பட்டினம் மார்க்கெட் தெருவில் பாதிப் பெண்களின் கைப்பேசியில் அப்படித்தான் இருந்திருக்கும். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு மோட்டார் தையல் மெஷின், ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. அந்தத் திரைக்குப் பின்னால் நின்று அவள் சொன்னபடியெல்லாம் கையைக் காலை ஆட்டாத பெண் எங்கள் ஊரில் இல்லை. அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து காரில் வரும் மேடம்களுக்கும் அதே கதிதான்.

"கையத் தூக்குங்கக்கா. பரண்ல இருந்து அண்டா எடுக்கறா மாதிரி. ஆங். இப்ப பஸ்ஸுல கம்பி புடிங்க. குனிங்க. நிமிருங்க. இப்ப சிரிச்சுக் காட்டுங்கக்கா."

"சும்மா எப்படிம்மா சிரிக்கிறது?"

"சிரிச்சாதான் வெலா விரியும். சிரிக்க முடியாத ஜாக்கெட்ட நான் குடுக்க மாட்டேன். உடம்புக்குத் துணியா, துணிக்கு உடம்பா?"

டிரையலுக்குச் சாப்பிடாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மதியம் மூன்று மணிக்கு மேல்தான் வரவேண்டும். வெறும் வயிற்றில் எந்த உடுப்பும் சரியாகத்தான் இருக்கும், அதில் என்ன பெருமை என்று கேட்பாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அந்தத் திரைக்குப் பின்னால் அவள் வைத்ததுதான் சட்டம்.

இறுக்கம் என்பதை அவளால் தாங்கவே முடியாது. தன் உடம்பில் இருந்தால் மட்டுமல்ல, யார் உடம்பில் இருந்தாலும். செங்கல்பட்டு பஸ்ஸில் ஒரு முறை கண்டக்டரின் தோள்பை வார் தோளை அறுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். டிக்கெட் கொடுத்த மனிதரை நிற்கவைத்து, கைப்பையிலிருந்து பஞ்சும் துணியும் எடுத்து, திருக்கழுக்குன்றம் வருவதற்குள் வாருக்கு ஒரு மெத்தை தைத்துவிட்டாள். "எம்மா, ஸ்டேஜ் மாறுது, வுடும்மா" என்று அவர் கெஞ்சியதைப் பஸ்ஸே பார்த்துச் சிரித்தது.

ஆட்டுக் கதை இன்னும் மோசம். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவரோரம் யாரோ ஒரு ஆட்டைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கயிறு கழுத்தை இறுக்குகிறது என்று இவள் போய்த் தளர்த்தியிருக்கிறாள். அவள் தளர்த்தினால் தேவைக்கு மேல் ஒரு சுற்று கூடத்தான் தளர்த்துவாள். ஆடு தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. ஆட்டுக்காரர் வந்து நின்றார்.

"இன்னாமே, உன் வேலையப் பாத்துகினு போவ மாட்டியா?"

"கழுத்து அறுந்துடும் போல கீது. அதப் பாத்துகினு எப்படிண்ணா போறது?"

வாய் ஓயவில்லை, ஆனால் ஆட்டைத் தேடியதும் அவள்தான். இரண்டு மணி நேரம் மணலில் அலைந்து, உலர்த்தியிருந்த வலைகளுக்கு நடுவே அது படுத்திருப்பதைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் அந்த ஆட்டுக்காரரின் மனைவி துணியோடு அவள் கடையில் நின்றார். எங்கள் ஊர் அப்படித்தான்.

இப்போது அவள் ஊரில் இல்லை. கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அங்கே யாருடைய எதைத் தளர்த்திக்கொண்டிருக்கிறாளோ. என் காது விஷயத்தில் அவள் இறங்கியது அதற்கு முந்தைய வருடம்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணத்துக்கு முன் பி.ஏ. தமிழ் படித்தவள், தட்டச்சும் தெரியும். பதினைந்து வருடம் அடுப்படிதான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்ற ஆசை விடவில்லை. சென்னையில் ஒரு கம்பெனி, காணொளிப் பாடங்களைக் கேட்டுத் தமிழில் எழுத்தாக்கித் தர ஆள் தேடியது. வீட்டிலிருந்தே செய்யலாம். அதற்கு மூன்று மணி நேரத் தேர்வு. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து காதில் கேட்பதை எழுதவேண்டும். நடுவில் காதிலிருந்து எதையும் கழற்றக்கூடாது. ஒருவருக்கு இரண்டே வாய்ப்பு.

முதல் வாய்ப்பை நான் தொலைத்துவிட்டேன். எழுதத் தெரியாமல் அல்ல. மகன் கொடுத்த இயர்போன் இரண்டாவது மணி நேரத்தில் காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் வலித்தது. ஒரே ஒரு விநாடி, வலது பக்கத்தை மட்டும் எடுத்தேன். திரையில் சிவப்பு எழுத்து வந்து எல்லாம் மூடிக்கொண்டது. அன்று நான் அழுத அழுகையை என் வீட்டில் யாரும் பார்க்கவில்லை, குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன்.

அடுத்த தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. பஸ்ஸிலும் வீட்டிலும் அதே இயர்போனை மாட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். வலியோடு பழகினால் வலி போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த நாட்களில்தான் ஒரு டிரையலுக்குப் போனேன். திரைக்குப் பின்னால் ஸ்கார்ஃபை எடுத்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"காதெல்லாம் இன்னாக்கா இப்படிச் செவந்து கீது?"

சொன்னேன். "என் காதே மிஷினுக்கு ஒத்துவராத காதும்மா. போடப் போடப் பழகிடும்னு சொல்றாங்க."

வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பழகிடும்னா மரத்துப் போயிடும்னு அர்த்தம்க்கா. காதுல இன்னா தப்பு? போயி அந்தச் சனியன டப்பாவோட எடுத்துகினு வாங்க."

டப்பாவோடு என்றாள். நல்லவேளை, எங்கள் வீட்டில் எந்த டப்பாவையும் தூக்கிப்போடும் வழக்கம் இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். காகிதங்களை உதறினாள். அடியிலிருந்து ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பை விழுந்தது. உள்ளே இரண்டு ஜோடி ரப்பர் குமிழ்கள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது.

"இது இன்னா?"

"தெரியலம்மா. ஸ்பேரா இருக்கும்."

"ஸ்பேரா! அளவுக்கா, அளவு! மூணு அளவு குடுத்துகிறான். நடு அளவ மாட்டி வித்துகிறான். உங்களுது கொழந்த காது. நீங்க பாட்டுக்கு நாப்பது சைஸ் ஒடம்புல முப்பத்தாறு ஜாக்கெட்ட ஏத்தினு வலிக்குது வலிக்குதுன்னு கீறீங்க!"

நடு அளவை உருவிச் சின்னதை மாட்டிக் கொடுத்தாள். வைத்துப் பார்த்தேன். காதுக்குள் ஏதோ இருக்கிறது என்ற உணர்வுதான், வலி இல்லை. மெஷின் மோட்டார் சத்தமும் பாதியாகக் குறைந்துவிட்டது. மறுநாள் திருக்கழுக்குன்றம் வரை பஸ்ஸில் போட்டுக்கொண்டு போனேன். வழக்கமாகப் பஸ் இரைச்சலை ஜெயிக்க ஒலியை உச்சத்தில் வைப்பேன். அன்று பாதியிலேயே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. பஸ்ஸில் எழுந்து நின்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. டப்பாவுக்குள்ளேயே கிடந்திருக்கிறதே ஐயா, இத்தனை நாளும்!

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். "பிரச்சினை தீந்துச்சும்மா. இதையே போட்டுத் தேர்வு எழுதிடுவேன்."

"எவ்ளோ நேரம் போட்டீங்க?"

"முக்கால் மணி."

"தேர்வு மூணு மணி. இது வழிக்கு. வூட்டுக்கு வேற வேணும். நைட்டி போட்டுகினு கல்யாணத்துக்குப் போவீங்களா? பட்டுப் பொடவையில மீன் கழுவுவீங்களா? காதுக்குள்ள போறத மணிக்கணக்கா வைக்காதீங்க. காதச் சுத்தி ஒக்காருதே பெருசா, அத வாங்கலாம்."

என்னிடம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்தது. வழிக்கானது செலவில்லாமல் தீர்ந்துவிட்டதால் முழுப்பணமும் வீட்டுக்கானதற்கு. இருவரும் செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். "காதுக்கு டெய்லரக் கூட்டினு போற மொத ஆளு நீதான்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் கடைக்குப் போகவில்லை. முதலில் பிரியாணி. பிறகு ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது, சிரிப்பு வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். கம்மலைக் கழற்றவிடவில்லை. "வூட்டுல எப்படி ஒக்காருவீங்களோ அப்படியேதான் ஒக்காரணும்."

ஹெட்போன் கடைக்காரர் பளபளவென்று ஒரு கறுப்பு ஹெட்போனை எடுத்துவைத்தார். "இதுல பேஸ் சும்மா அதிரும்க்கா. பாட்டு போடட்டா?"

"பாட்டு அப்பால. நாங்க கொஞ்ச நேரம் ஒக்கார்றோம்" என்றாள் அவள். என் தலையில் அதை மாட்டி, கையில் முறுக்கைக் கொடுத்தாள். "மெல்லுங்கக்கா."

கடைக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நான் கடகடவென்று மென்றேன். தாடை அசையும்போதெல்லாம் மெத்தை காதோரத்தில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தது. பத்தாவது நிமிடம் அந்த ரெக்சின் மெத்தைக்குள் வேர்வை ஊறியது. எங்கள் கடற்கரை வெயிலுக்கு அது ஆகாது. கழற்றினோம். அடுத்தது சின்னது, காதின் மேலேயே உட்காரும் வகை. மூக்குக்கண்ணாடிக் காம்பைத் தலையோடு சேர்த்து நசுக்கியது. அதுவும் போயிற்று. மூன்றாவதை அவளே அடித்தட்டிலிருந்து எடுத்தாள். தூசி படிந்த சாம்பல் நிறம், துணி மெத்தை, என் காது முழுதாக உள்ளே போகும் அகலம், நீளமான ஒயர். கையில் வைத்தால் பஞ்சு.

"அது ஆன்லைன் கிளாஸ் பசங்க வாங்கறதுக்கா. பேஸே வராது."

"எங்க அக்கா கேக்கப்போறது வாத்தியாருங்க பேச்சு. அதுக்கு எதுக்கு பேஸு?"

"சரி, போட்டுப் பாத்தாச்சுல்ல? பில் போடட்டா?"

"மொத அஞ்சு நிமிஷம் எந்தச் செருப்பும் கடிக்காதுண்ணா" என்றாள். முக்கால் மணி நேரம் உட்காரவைத்தாள். கடைக்காரருக்கும் ஒரு முறுக்கு கொடுத்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டே தின்றார். நடுவில் என்னை ஒரு ஆசிரியர் பேச்சைக் கேட்கச் சொன்னாள், 'ழ'வும் 'ள'வும் பிரிந்து கேட்கிறதா என்று விசாரித்தாள். பிரிந்தது. கடைசியில் என் உச்சந்தலையில் விரலைவிட்டுப் பார்த்தாள். "புதுசு இல்லியா, அதான் லேசா இறுக்கம் கீது. அத நான் பாத்துக்கறேன்."

மிச்சம் முந்நூறு ரூபாய். அதில் ஆளுக்கொரு பழரசம் குடித்தோம். இவ்வளவு சந்தோஷமாக நான் எதுவுமே வாங்கியதில்லை.

அவள் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். மெஷின் தலையை மூடும் மரப்பெட்டி இருக்கிறதே, அதன்மேல் ஹெட்போனை விரித்து மாட்டி வைத்துவிட்டாள். ஒரு ராத்திரி வைத்தால் போதும். கல்யாண மாதத்துத் தையல் நெருக்கடியில் மூன்று நாள் அப்படியே இருந்துவிட்டது. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் எடுத்துக் கொடுத்தாள். மாட்டினேன், தலையில் ஒன்றுமே இல்லாதது போல் இருந்தது. ஆகா என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் கைவேலையாக இருந்தாள். சிரித்துக் காட்டச் சொல்ல மறந்துவிட்டாள். அவள் அதை மறந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

தேர்வு காலை பத்து மணிக்கு. ஒன்பது பத்துக்கு எல்லாம் தயார். ஸ்கார்ஃபுக்கு உள்ளே போடும் பச்சைத் தொப்பி, அதன்மேல் ஹெட்போன். என் வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "இன்னா, ஏரோப்ளேன் ஓட்டப்போறியா?" என்றார். சிரித்துவிட்டேன். ஹெட்போன் வழுக்கிக்கொண்டு வந்து கழுத்தில் விழுந்தது. மறுபடி மாட்டினேன். குனிந்தேன், மறுபடி விழுந்தது. உள்பக்கமாக வளைக்கப் பார்த்தேன், 'நறுக்' என்று ஒரு சத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டேன். யா அல்லாஹ், இதுவும் போச்சா! மூன்று மணி நேரம் தலை அசையாமல் எப்படி எழுதுவேன்? 'ஜாக்கெட்'டுக்குப் போன் அடித்தேன்.

ஈரத் தலையோடு ஓடிவந்தாள். கையில் ஊசிநூலும் எலாஸ்டிக்கும். ஹெட்போனைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"என் தப்புக்கா. ஆட்டுக்குப் பண்ணதையே உங்களுக்கும் பண்ணிட்டேன்."

"இப்ப இன்னாம்மா பண்றது?"

"பேசாதீங்க. தல அசையக்கூடாது."

தொப்பியில் காது இருக்கும் இடத்தை இரண்டு பக்கமும் வட்டமாக வெட்டி எடுத்தாள், துணி தடுக்காமல் சத்தம் நேராக வர. உச்சியில் ஒரு எலாஸ்டிக் பட்டை, காதுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்று. ஹெட்போனின் வளைவை அந்தப் பட்டைகளுக்குள் நுழைத்து, என் தலையில் வைத்தே தைத்தாள். நேரமில்லாததால் நீள நீளமாக ஓட்டுத்தையல். பச்சைத் துணியில் வெள்ளை நூல். ஊசி ஒருமுறைகூட என்மேல் படவில்லை. மணி ஒன்பது ஐம்பது.

"இறுக்குதாக்கா?"

"கொஞ்சம்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"கொஞ்சம் இறுக்கட்டும்க்கா. இன்னிக்கு மட்டும்." பிறகு, "எங்க, சிரிச்சுக் காட்டுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பா வரும்? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "வரலம்மா."

"ஆட்ட நெனச்சுக்கோங்க. நான் அதத் தூக்கினு மணல்ல ஓடியாந்தத நெனச்சுக்கோங்க."

வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தேன். ஹெட்போன் அசையவில்லை. அவள் ஸ்கார்ஃபை என் தலைமேல் தளர்வாகப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

போனவள் கடைக்குப் போகவில்லை. எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. கல்யாண மாதத்துச் சனிக்கிழமை, கடையில் பத்துப் பேர் காத்திருக்க, மெஷினை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மீன்காரம்மா கூவ வாயெடுத்தபோது ஓடிப்போய் வாயைப் பொத்தாத குறையாக நிறுத்தினாளாம். "இன்னா, உள்ள பிரசவமா?" என்று அந்தம்மா கேட்டதாம்.

உள்ளே எனக்கு எதுவும் தெரியாது. பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். யாரோ ஒரு ஆசிரியர் இதயம் எப்படித் துடிக்கிறது என்று பாடம் நடத்தினார். பிறகு ஒருவர் வாழை சாகுபடி. விரல்கள் பின்னாலேயே ஓடின. எப்போதோ கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாவது மணி நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. போன முறை நான் கழற்றிய இடம் தாண்டிப்போயிருந்தது. அந்த இடம் வந்ததே எனக்குத் தெரியவில்லை! எனக்குத் தலை இருப்பதும் அதில் காது இருப்பதும் மறந்துபோயிருந்தது. அதன்பிறகு எழுதியதெல்லாம் எனக்குக் கொண்டாட்டம்தான்.

நான்கு நாள் கழித்து மதியம் மூன்றரைக்கு மின்னஞ்சல் வந்தது. கைப்பேசியில் இரண்டு முறை படித்தேன். கேட்டு எழுதிப் பழகிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து ஓடினேன். தலையில் தொப்பியோடு தைத்த ஹெட்போன், அதன்மேல் ஸ்கார்ஃப், அதற்குக் கீழே ஒயர் தொங்குகிறது. மார்க்கெட் தெருவே திரும்பிப் பார்த்தது. பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அங்கே டவுன்ஷிப் மேடம் ஒருவர் இரண்டு கையையும் தூக்கி, பரணிலிருந்து அண்டா எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் ஸ்கார்ஃபை விலக்கி, ஹெட்போனைத் தூக்கி, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"செவக்கல" என்றாள். அதற்குப் பிறகுதான், "இன்னா சொல்ட்டாங்க?"

"திங்கக்கிழமை வேலையில சேரச் சொல்ட்டாங்கம்மா!"

டேப்பைத் தூக்கி வீசினாள். "அக்கா!" என்று அவள் போட்ட கத்தலில் தெருவில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள், நானும் குதித்தேன், முப்பத்தெட்டு வயதில். ஹெட்போன் இருந்த இடத்தில் இருந்தது. யார் என்ன என்று ஒன்றும் புரியாமலே அந்த மேடம் எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அவ்வளவுதான், இவள் என்னை விட்டுவிட்டாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் பாய்ந்தாள்.

"மேடம், மேடம், நிறுத்தாதீங்க! அப்படியே சிரிச்சுகினே இருங்க. இந்தப் பக்கம் அரை இஞ்ச் புடிக்குது."